பொதுக்களம் என்னும் கற்பிதம்: போக்கிமான் விளையாட்டின் அரிய போர்முறைகளும் திருச்சிராப்பள்ளி – திருவரங்கம் வட்டார விலங்குப்போர்க் கதைகளும்

ஆய்வுச்சுருக்கம்

போக்கிமான் காணொளி விளையாட்டு வரிசையில் வழக்கமான ஒற்றைப் போருடன் இரட்டைப் போர், மூவர் போர், சுழற்சிப் போர், வான் போர், தலைகீழ்ப் போர் முதலிய அரிய போர்முறைகளும் இடம்பெற்றுள்ளன. களத்தின் விதி மாறும்போது உயிரியின் வலிமையும் வெல்லும் உத்தியும் மாறுவதை இவை காட்டுகின்றன. திருச்சிராப்பள்ளி – திருவரங்கம் வட்டாரத்தில் வழங்கும் மூன்று விலங்குப்போர்க் கதைகளை இப்போர்முறைகளோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. அவை உறையூரின் கோழி – யானைப் போர், திருவானைக்காவின் சிலந்தி – யானைப் போர், திருவரங்கத்தில் விழாவாக நிகழும் முதலை – யானைப் போர் என்பனவாகும். விளையாட்டு ஒரு பொதுக்களத்தை இயல்பாகக் கொண்டு அரிய களங்களை விலக்காக வைக்கிறது. இக்கதைகளிலும் திருக்குறளின் காலமறிதல், இடனறிதல் அதிகாரங்களிலும் அத்தகைய பொதுக்களம் இல்லை என்பது கட்டுரையின் முடிவு. எனவே இக்கதைகளை ‘எளியது வலியதை வென்றது’ எனப் படிக்கும் வழக்கம் மறுபரிசீலனைக்கு உரியது.

திறவுச்சொற்கள்: களமுறை, பொதுக்களம், போக்கிமான், உறையூர், திருவானைக்கா, கசேந்திர மோட்சம், காலமறிதல், இடனறிதல்.

முன்னுரை

காணொளி விளையாட்டுகள் தமிழ்க் கல்விச்சூழலில் பேசப்படும்போது பெரும்பாலும் இரண்டு நிலைப்பாடுகளே தலைதூக்குகின்றன. அவை இளையோரின் காலத்தை விழுங்குவன என்பது ஒன்று. அவற்றில் காணும் நுட்பங்கள் யாவும் நம் பழைய நூல்களில் முன்பே உள்ளன என்பது மற்றொன்று. முதல் நிலைப்பாடு விளையாட்டைப் படிக்கவே மறுக்கிறது. இரண்டாவது, விளையாட்டையும் படிப்பதில்லை, பழைய நூலையும் படிப்பதில்லை. ஒப்புமை கிடைத்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

இக்கட்டுரை வேறொரு வழியை மேற்கொள்கிறது. விளையாட்டின் விதிகளைத் துல்லியமாக விளங்கிக்கொண்டு, அவற்றைக் கருவியாகக் கொண்டு இலக்கியத்தையும் தலக்கதையையும் படித்தால், இதுவரை கவனம் பெறாத ஏதேனும் புலப்படுகிறதா என்பதே இதன் வினா. இங்குச் செய்யப்படுவது தாக்க ஆய்வு அன்று. போக்கிமானை உருவாக்கிய சத்தோஷி தஜிரி, இளமையில் பூச்சிகளைப் பிடித்துச் சேர்த்த பட்டறிவிலிருந்து அதனைக் கருக்கொண்டவர். காவிரிக்கரைக் கதைகளுக்கும் அவ்விளையாட்டுக்கும் பிறப்புத் தொடர்பு எதுவும் இல்லை. தொடர்பற்ற இரண்டும் ஒரே சிக்கலை வெவ்வேறு வகையில் எதிர்கொள்கின்றன என்பதே ஒப்பீட்டுக்குப் போதிய காரணம்.

இரண்டு சொற்களை இங்கு வரையறுத்துக்கொள்வது நலம். போரில் எத்தனைபேர் நிற்பது, யார் நிற்கலாம், யார் யாரைத் தாக்கலாம், எது எதனை வெல்லும் என்பவற்றை முடிவுசெய்யும் விதித்தொகுதி ‘களமுறை’ எனப்படும். வேறு அறிவிப்பு இல்லாதபோது நடப்பில் இருப்பதாகக் கொள்ளப்படும் களமுறை ‘பொதுக்களம்’ எனப்படும்.

1. விளையாட்டின் பொதுக்களமும் அரிய களமுறைகளும்

போக்கிமான் வரிசையின் முதல் பதிப்புகள் 1996 பிப்ரவரியில் ஜப்பானில் வெளிவந்தன. விளையாடுபவர் பலவகை உயிரிகளைப் பிடித்து, வளர்த்து, பிறருடைய உயிரிகளுடன் மோதவிடுகிறார். ஒவ்வோர் உயிரியும் நீர், நெருப்பு, புல் முதலிய வகைகளுள் ஒன்றையோ இரண்டையோ சார்ந்தது. தொடக்கத்தில் 15 ஆக இருந்த வகைகள் 2013 முதல் 18 ஆயின. நீர் நெருப்பையும், நெருப்பு புல்லையும், புல் நீரையும் மிகுதியாகத் தாக்கும். இவ்வட்டம் பெருகி ஒரு முழு அட்டவணையாக விரிகிறது. ஒன்றுக்கு ஒன்று எதிர்நின்று மாறிமாறித் தாக்குவதே பொதுக்களம். விரைவு மிக்கது முந்தும். வகையில் மேம்பட்டது மிகுதியாகக் காயப்படுத்தும்.

2002இல் வெளிவந்த ரூபி, சஃபையர் பதிப்புகள் இரட்டைப் போரை அறிமுகப்படுத்தின. இருபுறமும் இவ்விரண்டு உயிரிகள் நிற்கும்போது தாக்குதலின் பொருளே மாறுகிறது. நிலநடுக்கம் போன்ற தாக்குதல் எதிரிகளோடு அருகில் நிற்கும் துணையையும் தாக்கும். ஆகவே அதனைப் பயன்படுத்துவோர் பறக்கும் வகைத் துணையை உடன் நிறுத்துவர். ஒற்றைப் போரில் வலிமை என எண்ணப்பட்டது இங்குத் துணையைப் பொறுத்த வலிமையாகிறது.

2010இல் வெளிவந்த பிளாக், வொயிட் பதிப்புகள் மூவர் போரையும் சுழற்சிப் போரையும் சேர்த்தன. மூவர் போரில் நிற்கும் இடமே உத்தி. ஓரத்தில் நிற்கும் உயிரியின் பெரும்பாலான தாக்குதல்கள் எதிர்ப்புறத்தின் தொலைவு ஓரத்தை எட்டா. நடுவில் நிற்பது மூவரையும் எட்டும், மூவராலும் எட்டப்படும். ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர ஒரு முறையை இழக்கவேண்டும். சுழற்சிப் போரில் மூன்று உயிரிகள் வட்டமாக நிற்க, முன்னிற்பது மட்டும் போரிடும். ஆயினும் ஒரே முறைக்குள் வட்டத்தைச் சுழற்றி வேறோர் உயிரியை முன்னிறுத்தித் தாக்கவும் இயலும். எனவே எதிரில் இப்போது நிற்பதை நோக்கித் தாக்குபவர் ஏமாறுவார். அடுத்து எது வந்து நிற்கும் என்பதைக் கணிப்பவரே வெல்வார்.

2013இல் வெளிவந்த எக்ஸ், ஒய் பதிப்புகளில் மூன்று புதிய களமுறைகள் வந்தன. கூட்டத் தாக்குதலில் ஒரே உயிரியை ஐந்து காட்டுயிரிகள் சூழும். அங்கு ஒன்றை வீழ்த்தும் பெருந்தாக்குதலைவிட அனைத்தையும் தொடும் சிறுதாக்குதல் பயன் மிக்கது. வான் போரில் வானில் நிலைகொள்ளும் உயிரிகளே பங்கேற்கலாம். பறக்கும் வகையைச் சேர்ந்ததாயினும் திரையில் நிலத்தில் நிற்பதாகக் காட்டப்படும் சில உயிரிகளுக்கு அங்கு இடமில்லை. நிலத்தைச் சார்ந்த சில தாக்குதல்களுக்கும் இடமில்லை.

மூன்றாவதான தலைகீழ்ப் போர் இவ்வாய்வுக்கு மிக இன்றியமையாதது. இதில் வகை அட்டவணை முழுவதும் புரட்டப்படுகிறது. மிகுதியாகத் தாக்கியது குறைவாகத் தாக்கும். குறைவாகத் தாக்கியதும், சற்றும் தாக்காததும் மிகுதியாகத் தாக்கும். பொதுக்களத்தில் எஃகு வகை 10 வகைகளின் தாக்குதலைக் குறைத்து ஏற்கும். நச்சு வகையை முற்றிலும் தடுக்கும். தலைகீழ்ப் போரில் இந்த 11 வகைகளும் அதன் நலிவுகளாகின்றன. பொதுக்களத்தில் பனி வகைக்கு நெருப்பு, மற்போர், பாறை, எஃகு என நான்கு நலிவுகள். தடுப்பதோ பனியை மட்டும். தலைகீழ்ப் போரில் அதற்கு ஒரே நலிவு எஞ்ச, நான்கு தடுப்புகள் கிடைக்கின்றன. பெட்டியில் ஒதுக்கி வைக்கப்பட்டவற்றிலிருந்து அணியை அமைப்பதே இங்கு உத்தி.

களத்தின் விதியை விளையாடுபவரே மாற்றும் வாய்ப்பும் உண்டு. 2006இல் வெளிவந்த டைமண்ட், பெர்ல் பதிப்புகளில் அறிமுகமான ‘டிரிக் ரூம்’ என்னும் செயல், ஐந்து முறைகளுக்கு விரைவின் வரிசையைப் புரட்டிவிடும். மெதுவானது முந்தும், விரைவானது பிந்தும். அதனைப் பயன்படுத்துவோர் மெதுவான, வலிய உயிரிகளை முன்பே ஆயத்தமாக வைத்திருப்பர். ஐந்து முறைகள் கடந்தால் அதே அணி நலிந்த அணியாகிவிடும்.

இவையனைத்தும் விலக்குகளாகவே வைக்கப்பட்டவை என்பது நோக்கத்தக்கது. 2016இல் வெளிவந்த சன், மூன் பதிப்புகளில் மூவர் போரும் சுழற்சிப் போரும் வான் போரும் நீங்கின. இரட்டைப் போர் மட்டும் உலகப் போட்டிகளின் களமுறையாகி நிலைபெற்றது. விலக்காக இருந்தது மறைந்தது. பொதுவாக ஏற்கப்பட்டது நின்றது. விளையாட்டின் சிந்தனையில் ஒரு பொதுக்களம் எப்போதும் உண்டு என்பதற்கு இதுவே சான்று.

2. உறையூர்: கோழியும் யானையும்

சோழர் தலைநகராகிய உறையூர் சங்கப் பாடல்களில் ‘கோழி’ என்றும் பெயர் பெறும். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டம் நாடுகாண் காதையோடு நிறைவுறுகிறது. கவுந்தியடிகளும் கோவலனும் கண்ணகியும் உறையூரை அடையும் அவ்விடத்தில், யானையைப் போரில் வென்ற கோழியின் பெயரால் அந்நகர் சுட்டப்படுகிறது. கோழி யானையை வென்ற நிலத்தில் நகர் அமைக்கப்பட்டதால் அப்பெயர் வந்தது என்பது பழைய உரைமரபு. உறையூர்ப் பஞ்சவர்ணசுவாமி கோயிலில் கோழி யானையைத் தாக்கும் சிற்பத்தை இன்றும் காணலாம்.

இக்கதையைச் ‘சிறியது பெரியதை வென்ற வீரம்’ எனப் படிப்பதே பெருவழக்கு. களமுறை நோக்கில் படிக்கும்போது வேறொரு செய்தி முன்வருகிறது. கதையில் வரும் அரசன் கோழியைப் பிடித்து வளர்க்கவில்லை. கோழிப்படை அமைக்கவும் இல்லை. அவன் நிலத்தைத் தேர்ந்தான். அதாவது வெற்றியை அவன் கோழியின் மேல் ஏற்றாமல் இடத்தின் மேல் ஏற்றினான். தலைகீழ்ப் போரைப் பார்த்த ஒருவர், வென்ற உயிரியைப் புகழ்வதைவிட அங்கு விதி புரண்டிருப்பதைக் கண்டுகொள்வது போன்றது இது.

இங்கு ஒரு முரண் எழுகிறது. வலியது தோற்கும் நிலத்தில் ஓர் அரசன் ஏன் தன் தலைநகரை அமைக்க வேண்டும்? யானை அரசப் படையின் உறுப்பு; அரசுடைமையின் அடையாளம். அந்நிலம் உண்மையிலேயே வலிமையைப் புரட்டுமாயின், வலிய அரசன் அங்கிருந்து விலக வேண்டும். அவன் அங்கே குடியேறுகிறான் என்றால், தன்னைக் கோழியின் பக்கத்தில் வைத்து எண்ணுகிறான் என்பதே பொருள். தன்னினும் பெரிய பகைகள் சூழ்ந்துள்ளன என்ற தன்னுணர்வு இக்கதைக்குள் மறைந்திருக்கிறது.

இவ்வகைத் தோற்றக்கதைகள் பிற இடங்களிலும் உள்ளன. விசயநகரத் தோற்றக்கதையில் வேட்டைநாய்களை முயல் எதிர்த்துத் தாக்கிய இடத்தில் நகர் எழுகிறது. பாஞ்சாலங்குறிச்சியின் தோற்றக்கதையிலும் வேட்டைநாய்களை முயலே விரட்டுகிறது. மூன்றிலும் நிறுவுநர் தேர்வது இடத்தை. விலங்கு அவ்விடத்தின் விதியை அறிவிக்கும் குறி மட்டுமே.

சிலப்பதிகாரத்தின் சொல்லாட்சி இப்படிப்புக்கு வலுவூட்டுகிறது. ‘வாரணம்’ என்னும் சொல் யானையையும் குறிக்கும், கோழியையும் குறிக்கும். இளங்கோவடிகள் வென்றதற்கும் தோற்றதற்கும் அந்த ஒரே சொல்லை ஆள்கிறார். செவியைச் சுட்டும் அடை ஒன்றும் சிறையைச் சுட்டும் அடை ஒன்றுமே இரண்டையும் பிரித்துக் காட்டுகின்றன. இதனைச் சொல்நயம் என்று மட்டும் கொண்டு கடந்துவிடலாகாது. பெயரளவில் இரண்டும் ஒன்றாகும்போது, பெயரோடு ஒட்டிவரும் உயர்வு தாழ்வும் நீங்குகிறது. எஞ்சுவன இரண்டு உடல்களும் ஒரு நிலமுமே.

3. திருவானைக்கா: சிலந்தியும் யானையும்

திருவரங்கத் தீவிலேயே அமைந்த திருவானைக்காவின் கதை, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் கோச்செங்கட்சோழ நாயனார் வரலாறாக விரிகிறது. வெண்ணாவல் மரத்தடியில் இருந்த இலிங்கத்தை ஒரு யானை நீராட்டி வழிபட்டது. உலர்ந்த இலை இறைவன்மேல் உதிராதவாறு ஒரு சிலந்தி மேலே வலை பின்னியது. யானைக்கு அவ்வலை தூய்மைக்கேடாகத் தோன்ற, அதனை அழித்தது. சிலந்தி மீண்டும் பின்னியது. யானை மீண்டும் அழித்தது. இறுதியில் சிலந்தி துதிக்கையினுள் புகுந்து கடித்தது. யானை துதிக்கையை நிலத்தில் அறைந்து வீழ்ந்து இறந்தது, சிலந்தியும் இறந்தது.

இப்போரில் ஒரு பக்கம் நன்மையும் மறுபக்கம் தீமையும் இல்லை. இரண்டும் அடியார்களே. ஒரே களத்தை இருவேறு விதிகளால் இரண்டும் விளங்கிக்கொண்டன என்பதே சிக்கல். சிலந்தியின் விதிப்படி வலை காப்பு; யானையின் விதிப்படி வலை மாசு. களமுறை பற்றிய கருத்து வேறுபாடே போரின் காரணம் என்பதால், இக்கதை மற்ற இரண்டினும் ஆழமானது.

சிலந்தியின் உத்தி தெளிவானது. வெளியில் நின்றால் யானையின் உருவம் யானைக்குத் துணை. துதிக்கையின் உள்ளே அதே உருவம் யானைக்குச் சுமை. மூவர் போரில் எட்டாத ஓரத்துக்கு ஓர் உயிரி நகர்வது போலச் சிலந்தியும் எட்டாத இடத்துக்கு நகர்கிறது. ஆனால் விளையாட்டில் நகர்வுக்கு ஒரு முறையே விலை. இங்கு விலை உயிர். விளையாட்டில் வீழ்ந்த உயிரி சிகிச்சை மையத்தில் சில நொடிகளில் மீளும். சிலந்தி மறுபிறப்பில்தான் மீள்கிறது.

அம்மறுபிறப்பிலும் களம் தொடர்கிறது. கமலவதி என்னும் அரசியின் வயிற்றில் சிலந்தி கருவாகிறது. சிறிது நேரம் தாழ்ந்து பிறந்தால் குழந்தை மூவுலகும் ஆளும் எனக் கணிகர் கூற, அரசி தன்னைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடச் செய்து பிறப்பைத் தாழ்த்துகிறாள். குழந்தை செங்கண்ணோடு பிறக்கிறது, தாய் இறக்கிறாள். காலத்தை அறிதலுக்கும் ஒரு விலை உண்டு என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

கோச்செங்கணான் பின்னர் எழுப்பிய கோயில்கள் யானை ஏற இயலாத மாடக்கோயில்கள் என்பது மரபு. அவன் சிவனுக்கு எழுபது மாடங்கள் எடுத்த செய்தியைத் திருமங்கையாழ்வாரும் திருநறையூர்ப் பதிகத்தில் குறிப்பிடுகிறார். ஒருமுறை துதிக்கைக்குள் புகுந்து செய்த களமாற்றத்தை அவன் கல்லில் நிலைப்படுத்துகிறான். வான் போரின் விதி எவ்வாறு நிலத்தில் நிற்கும் உயிரியைப் போருக்கு முன்பே விலக்கிவிடுகிறதோ, அவ்வாறே உயர்ந்த தளம் யானையை விலக்கிவிடுகிறது. வேறுபாடு ஒன்றே. வான் போரின் விதியை இயற்றியவர் போரில் பங்கேற்பவர் அல்லர். மாடக்கோயிலின் விதியை இயற்றியவனோ முன்பு அப்போரில் இறந்தவன். விதியை இயற்றுபவருக்கும் போரிடுபவருக்கும் இடையே விளையாட்டு காக்கும் இடைவெளி இக்கதையில் இல்லை.

4. திருவரங்கம்: முதலையும் யானையும்

சித்திரைப் பௌர்ணமியன்று திருவரங்கத்து நம்பெருமாள் காவிரிக்கரையிலுள்ள அம்மா மண்டபத்துக்கு எழுந்தருள, அங்குக் கசேந்திர மோட்சம் நிகழ்த்தப்படுகிறது. நீர்நிலையில் இறங்கிய யானையின் காலை முதலை பற்ற, இரண்டும் நெடுங்காலம் இழுபறியில் நின்றன. யானை திருமாலை அழைத்து மீட்பு பெற்றது. ஆழ்வார் பாசுரங்கள் இந்நிகழ்ச்சியைப் பலமுறை போற்றுகின்றன.

இங்கு முதலையின் மேம்பாடு முழுவதும் நீரால் வருவது. யானையின் முதற்பிழை இறங்கியது அன்று; வழிபாட்டுக்கு மலர் பறிக்கவே அது இறங்கியது. இறங்கிய பின் அதன் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, முதலையோடு கரையேறிக் களத்தை மாற்றுவது. இதற்கு வலிமை போதவில்லை. மற்றொன்று, களத்துக்கு வெளியே இருப்பவரை அழைப்பது. கதை இரண்டாவதைத் தேர்கிறது.

விளையாட்டில் களத்துக்கு வெளியே நிற்பவர் விளையாடுபவர் ஒருவரே. அவரே உயிரிக்கு ஆணையிடுகிறார், இடையில் திரும்பப் பெறுகிறார், மருந்து கொடுக்கிறார். உயிரி அவரை அழைப்பதில்லை. கசேந்திரன் கதையிலோ உயிரி அழைத்த பின்பே வெளியாள் வருகிறார். எனவே இக்கதையை உத்தியின் வெற்றி எனக் கூறுவது பொருந்தாது. உத்தி தீர்ந்த இடத்தைக் காட்டும் கதை இது. உறையூர்க் கதையில் இடத்தைத் தேர்தலும், திருவானைக்காக் கதையில் இடத்தை மாற்றுதலும் இயன்றன. இங்கு இரண்டும் இயலவில்லை. மூன்று கதைகளையும் வரிசைப்படுத்தினால் களத்தோடு உயிரிக்கு உள்ள உறவின் மூன்று நிலைகள் கிடைக்கின்றன: தேர்தல், மாற்றுதல், தேரவும் மாற்றவும் இயலாமை.

5. குறளின் இரண்டு அதிகாரங்கள்

இம்மூன்று நிலைகளுக்கும் கோட்பாட்டு வடிவம் தருவன திருக்குறளின் 49, 50ஆம் அதிகாரங்களாகிய காலமறிதலும் இடனறிதலும். காலமறிதலின் முதற்குறள் (481) கூகையைக் காக்கை பகலில் வெல்வதைக் கூறுகிறது. 486ஆம் குறள் தாக்குவதற்காகப் பின்வாங்கும் ஆட்டுக்கிடாயைக் காட்டுகிறது. இடனறிதலில் 495ஆம் குறள், ஆழ்ந்த நீரில் வெல்லும் முதலை நீரை நீங்கினால் பிறவற்றிடம் தோற்பதைக் கூறுகிறது. 496ஆம் குறள் தேரையும் கப்பலையும் அவற்றுக்குரிய நிலத்தோடும் கடலோடும் பிணைக்கிறது. 500ஆம் குறளில் வேல்வீரரை வென்ற யானை, கால் புதையும் சேற்றில் நரியால் கொல்லப்படுகிறது.

இக்குறட்பாக்களுள் பலவற்றை உரைமரபு பிறிதுமொழிதல் எனக் கொள்கிறது. விலங்கைச் சொல்லி வேந்தனைப் பெறவைப்பது அவ்வணி. அப்படிப்பு சரியானதே. ஆயினும் வேந்தனை நோக்கி விரைவதில், விலங்குப்போரின் உள்விதிகள் கவனிக்கப்படாமல் போகின்றன. அவ்விதிகளை விளையாட்டின் களமுறைகளோடு வைத்துப் பார்த்தால் ஒற்றுமையும் வேற்றுமையும் ஒருங்கே தெரிகின்றன. ஆட்டுக்கிடாயின் பின்வாங்கல் சுழற்சிப் போரின் தத்துவத்துக்கு நெருக்கமானது; முன்னிற்பது மறைவதைத் தோல்வி எனக் கொள்பவர் ஏமாறுவார். காக்கை – கூகை நிலையோ டிரிக் ரூமை ஒத்தது. வெற்றி ஒரு காலவரையறைக்குள் மட்டும் கிடைப்பது, அவ்வரையறை முடிந்தால் எதிராளிக்கு உரியது.

வேற்றுமைதான் இக்கட்டுரையின் மையம். டிரிக் ரூம் முடிந்தால் களம் இயல்புக்குத் திரும்பும். காக்கை – கூகைப் போரில் இயல்பு எது? பகலா, இரவா? பகல் முடிந்தால் இரவு வரும். இரண்டுக்கும் அப்பாற்பட்ட நடுப்பொழுது எதையும் குறள் கருதவில்லை. முதலைக்கும் அவ்வாறே நீர் உண்டு, நீரல்லாத நிலம் உண்டு. இரண்டுமல்லாத பொதுவிடம் இல்லை. ஒவ்வொரு போரும் ஏதேனும் ஒரு குறிப்பிட்ட காலத்திலும் இடத்திலும் நிகழ்வதால், ஒவ்வொரு போரும் அரிய களமுறைப் போரே. ‘அரிய’ என்று பிரித்துச் சொல்வதற்கு வேண்டிய பொதுக்களம் அங்கு இல்லை.

6. இரு மறுப்புகள்

இம்முடிவுக்கு எதிராக இரு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, காலமறிதலுக்கும் இடனறிதலுக்கும் முன்பாக 48ஆம் அதிகாரமாக வலியறிதல் அமைந்துள்ளது. வினையின் வலி, தன் வலி, மாற்றான் வலி, துணையின் வலி ஆகியவற்றைச் சீர்தூக்குமாறு அவ்வதிகாரம் கூறுகிறது. ஆகவே களத்தைச் சாராத அடிப்படை வலிமை ஒன்றைக் குறள் ஏற்கிறது எனலாம். இம்மறுப்பில் உண்மை உண்டு; வலிமை என்பதே இல்லை என்று குறள் கூறவில்லை. எனினும் அதிகார வரிசை ஒன்றைத் தெளிவாக்குகிறது. வலியை அறிந்ததோடு அறிதல் முடிவதில்லை. காலத்தையும் இடத்தையும் அறிந்த பின்பே நிறைவுறுகிறது. மேலும் வலியறிதலில் எண்ணப்படும் நான்கனுள் வினையின் வலியும் துணையின் வலியும் சூழலைச் சார்ந்தவை. விளையாட்டின் அட்டவணையைப் போலத் தனித்து நின்று பொருள்தரும் எண்கள் அல்ல.

இரண்டாவது மறுப்பு புறத்திணையிலிருந்து எழுவது. ஆநிரை கவர்தலுக்கு வெட்சி, மண்ணாசையால் மேற்செல்லுதலுக்கு வஞ்சி, அரண் முற்றுதலுக்கு உழிஞை, வலிமையை நிலைநாட்ட எதிர்நின்று பொருதலுக்குத் தும்பை எனப் போர்கள் வகுக்கப்பட்டுப் பூக்களால் அறியப்படுகின்றன. எனவே களமுறையை முன்னறிவிக்கும் மரபு தமிழில் உண்டு. தும்பையைப் பொதுக்களம் எனவும் கருதலாம் என்பது மறுப்பு. இது வலுவான மறுப்பு. பூவைச் சூடுதல் களமுறையை அறிவித்தல்தான். அவ்வகையில் புறத்திணை விளையாட்டுக்கு மிக அணுக்கமானது. ஆனால் தும்பை ஏனைய திணைகளுக்கு அளவுகோல் ஆகவில்லை. வெட்சியை ‘வழக்கத்துக்கு மாறான தும்பை’ என எந்த இலக்கணமும் கூறவில்லை. திணைகள் ஒன்றற்கொன்று இணையானவை. ஆகவே அறிவிக்கப்பட்ட களமுறைகள் பல உண்டு, பொதுக்களம் இல்லை என்னும் நிலையே அங்கும் காணப்படுகிறது.

இவ்விரு மறுப்புகளாலும் ஒரு திருத்தம் கிடைக்கிறது. மாந்தர் போரில் களமுறை பூவால் அறிவிக்கப்படுகிறது, விலங்குப்போரில் அறிவிக்கப்படுவதில்லை. யானைக்குச் சேறு தன்னை அறிவித்துக்கொள்ளவில்லை. அதிகாரப் பெயர்களில் ‘அறிதல்’ என்னும் சொல் திரும்பத் திரும்ப வருவதன் காரணம் இதுவாகலாம். விளையாட்டில் களமுறை முன்கூட்டியே தரப்படும். உத்தி அதன்பின் தொடங்கும். குறளில் களமுறையைக் கண்டுகொள்வதே உத்தியின் முதற்பாதி.

7. சமநிலையும் தோலாமையும்

விளையாட்டுக்குப் பொதுக்களம் ஏன் தேவைப்படுகிறது என்பதையும் ஆராயவேண்டும். 2016இல் வெளிவந்த போக்கிமான் கோ இதற்கு விடை தருகிறது. கைப்பேசியோடு தெருவில் நடந்து விளையாடும் இதில், 2017 டிசம்பர் முதல் உண்மையான வானிலை உயிரிகளின் வலிமையைப் பாதிக்கிறது. மழை பெய்யும் ஊரில் நீர், மின்னல், பூச்சி வகைகள் வலுப்பெறும். விளையாடுபவர் வானத்தைப் பார்த்து அணியை மாற்றுகிறார். காலமறிதலுக்கு இவ்வரிசை மிக நெருங்கிவந்த இடம் இதுவே. ஆனால் விளையாடுபவர் இருவர் நேருக்குநேர் மோதும் போரில் வானிலையின் விளைவு நீக்கப்படுகிறது. திருச்சிராப்பள்ளியில் வெயிலும் மற்றவர் ஊரில் மழையும் இருந்தால் போட்டி நேர்மையாகாது என்பதே இதற்கு வெளிப்படையான நியாயம். உண்மைக் காலம் உள்ளே வந்தவுடன் சமநிலை குலைகிறது. சமநிலையைக் காக்க உண்மைக் காலம் வெளியேற்றப்படுகிறது.

ஆகவே பொதுக்களம் என்பது இயற்கையில் உள்ள ஒன்று அன்று. நேர்மையான போட்டிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. இருவர் ஒப்ப நின்று திறனை அளக்க அது இன்றியமையாதது. குறள் ஒப்ப நிற்போரின் போட்டியைப் பேசவில்லை. தோற்றால் நாட்டை இழக்கும் ஒருவனிடம் பேசுகிறது. அவனுக்குச் சமநிலையைத் தருபவர் யாருமில்லை.

இதனால் விளையாட்டு தாழ்ந்ததென்றோ குறள் உயர்ந்ததென்றோ முடிவு கூறுவது முறையன்று. நோக்கம் வேறு, எனவே அமைப்பும் வேறு. ஆயினும் ஒரு தீமை நேரக்கூடும். பொதுக்களத்தில் பழகிய மனம் அது செய்துகொண்ட ஏற்பாடு என்பதை மறந்து, இலக்கியத்தையும் வாழ்க்கையையும் அதனாலேயே அளக்கத் தொடங்கலாம். ஒருவரை ‘வலியவர்’ என்றும் மற்றவரை ‘எளியவர்’ என்றும் முத்திரையிட்டு, எளியவர் வென்றால் அதிசயம் என்கிறோம். அவர்கள் நின்ற களம் யாருக்கு ஏற்ப அமைக்கப்பட்டிருந்தது என்று கேட்பதில்லை. தேர்வுக்கூடம், நேர்காணல், பயிற்றுமொழி ஆகியவும் களமுறைகளே. நீரில் நின்று தோற்ற யானையை நலிந்தது எனக் கணக்கெழுதும் வழக்கம் கல்விநிலையங்களுக்குப் புதியதன்று.

முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. போக்கிமானின் அரிய போர்முறைகள், வலிமை களத்தைச் சார்ந்தது என்பதைத் தெளிவாக உணர்த்துகின்றன. ஆனால் அவை பொதுக்களம் ஒன்றை அடிப்படையாகக் கொண்டு அதற்கு விலக்காகவே அமைந்துள்ளன.

2. உறையூர்க் கதையில் வெற்றி கோழிக்கு உரியதாகக் கொள்ளப்படவில்லை. நிலத்துக்கு உரியதாகக் கொள்ளப்பட்டது. ‘வாரணம்’ என்னும் ஒரே சொல்லை இரண்டுக்கும் ஆண்ட சிலப்பதிகாரம் இப்படிப்புக்கு இடமளிக்கிறது.

3. திருவானைக்காக் கதை களமுறை பற்றிய இரு விளக்கங்களின் மோதல். மாடக்கோயில் அம்மோதலில் மாண்டவன் மறுபிறப்பில் இயற்றிய நிலையான விதி. திருவரங்கத்துக் கசேந்திர மோட்சம் உத்தி தீர்ந்த எல்லையைக் காட்டுகிறது.

4. காலமறிதலிலும் இடனறிதலிலும் பொதுக்களம் என்னும் கருத்து இல்லை. களமுறை அறிவிக்கப்படாததால் அதனை அறிதலே உத்தியின் தொடக்கமாகிறது.

5. விலங்குப்போர்க் கதைகளை ‘எளியது வலியதை வென்றது’ எனச் சுருக்குவது, அக்கதைகளில் இல்லாத பொதுக்களத்தை அவற்றுள் புகுத்துவதாகும்.

சேவற்போர், ஆட்டுக்கிடாய்ப் போர், ஆடுபுலி ஆட்டம் போன்ற தமிழர் விளையாட்டுகளையும் இந்நோக்கில் ஆராய இடமுண்டு. குறிப்பாக, எண்ணிக்கையிலும் இயக்கத்திலும் ஒவ்வாத இரு தரப்புகளைத் தொடக்கத்திலேயே எதிர்நிறுத்தும் ஆடுபுலி ஆட்டம், சமநிலை இல்லாமலும் நேர்மையான போட்டி இயலுமா என்னும் வினாவை எழுப்புகிறது. அவ்வினா தனி ஆய்வுக்கு உரியது.